எபாக்சி காய்வதற்குள்

காலை ஆறு இருபதுக்கு, கீழ் வீட்டிலிருந்து அந்த அலறல் வந்தது. நான் அடுப்படியில் பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்தை ஏன் நிமிர்ந்து பார்த்தேன் என்று தெரியவில்லை. பார்த்ததால் நேரம் மனதில் நின்றுவிட்டது.

அதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு சத்தம் கேட்டிருந்தது. எங்கள் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே தரையில் கவிழ்க்கிற சத்தம். என் கணவர்தான். கவிழ்த்துவிட்டு, ஷூ மாட்டிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். அலறல் வந்தபோது அவர் தெருமுனையைத் தாண்டியிருப்பார். வீட்டில் நானும் கூடத்தில் பாய் மேல் தூங்கிக்கொண்டிருந்த என் மகனும் மட்டும்தான்.

அந்த அலறலைக் கேட்ட நொடியில் எனக்கு முதலில் தோன்றியது கீழ் வீட்டுப் பெண்ணைப் பற்றியல்ல. என் மகன் விழித்துவிடக் கூடாதே என்பதுதான். அவனுக்கு ஆவடியில் ஒரு அரசுத் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் வேலை கிடைத்திருந்தது. டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருடம் அலைந்து கிடைத்த இடம். மெடிக்கல் முடிந்துவிட்டது, போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி. பெயரில் ஒரு கேஸ் இருந்தால் போதும், எல்லாம் போய்விடும். அவன் கோபக்காரன். கீழ் வீட்டுக்காரரும் அப்படித்தான்.

எங்கள் குடியிருப்பு திருமுல்லைவாயிலில் இருக்கிறது, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். நாங்கள் இரண்டாவது மாடி. எங்களுக்கு நேர் கீழே இருப்பவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். அவர் மனைவி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதால் இரண்டு பேரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் இல்லாத நாட்களில்.

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. குழாய் மூக்கிலும் வாளி விளிம்பிலும் டைல்ஸ் மேலும் வெள்ளையாகப் படிந்து இறுகிவிடும். அதை எடுக்க இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சனிக்கிழமையானால் ஆசிட் ஊற்றித் துடைப்பத்தால் தேய்ப்பேன். டைல்ஸ் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் டைல்ஸுக்கு நடுவே பூசியிருந்த வெள்ளை சிமெண்ட் ஒவ்வொரு முறையும் நுரைத்து நுரைத்துக் கரைந்து போனது. அது போன வழியாகத் தண்ணீர் கீழே இறங்கியது.

முதலில் கீழ் வீட்டுக்காரர் மாடிக்கு வந்து சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டுத் தன் வீட்டுக் கூரையை இரும்புப் பைப்பால் இடிக்க ஆரம்பித்தார். நான் குளித்துக்கொண்டிருக்கும்போது பாதத்துக்கு அடியிலிருந்து இடி வரும். ஒரு முறை இடித்தால் தண்ணீர் சொட்டுகிறது என்று அர்த்தம். தொடர்ந்து இடித்தால் அவர் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரு நாள் மொட்டை மாடிக்குப் போய் எங்கள் தண்ணீர் வால்வை மூடி அதன் கைப்பிடியையே பிடுங்கி எறிந்தார். இன்னொரு நாள் மாடிப்படியில் வைத்து என் கணவரின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். பொத்தான்கள் படியில் உருண்டன. அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தது என் மகன். என் கையில் கொடுத்தான். அன்றிலிருந்து அவன் கீழ் வீட்டைக் கடக்கும்போது மெதுவாக நடந்தான். அவர் வெளியே வரட்டும் என்று காத்திருக்கிறவன் மாதிரி.

அதனால்தான் பாத்ரூமை முழுக்க உடைத்துப் புதிதாகப் போட முடிவு செய்தோம். டைல்ஸைத் தேர்ந்தெடுக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கு நடுவில் எதைப் பூசுவது என்பதில்தான் தூக்கம் போனது. அம்பத்தூர் கடையில் மூன்று வகை காட்டினார்கள். ஒன்று, வெள்ளை சிமெண்டில் கலர் பவுடர் கலந்து பூசுவது. இரண்டாவது, பாக்கெட்டில் வரும் கிரவுட். தண்ணீரில் குழைத்துப் பூச வேண்டும், அதுவும் சிமெண்ட் வகைதான். மூன்றாவது எபாக்சி. இரண்டு டப்பாவில் பிசின் மாதிரி ஒன்றும் அதைக் கெட்டியாக்குகிற இன்னொன்றும் வரும், கூடவே மாவு மாதிரி ஒரு பொடி. கலந்துவிட்டால் சீக்கிரம் பூசி முடிக்க வேண்டும். காய்ந்தால் கல். உப்பும் ஆசிட்டும் அதைத் தின்னாது, தண்ணீர் உள்ளே இறங்காது என்றார் கடைக்காரர்.

டைல்ஸ் போட வந்தவர் நூம்பல் ஊர்க்காரர். ஏறக்குறைய என் வயது. எபாக்சி என்றதும் முகத்தைச் சுளித்தார்.

"அதெல்லாம் ஓட்டல் கிச்சனுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போடறதுமா. ஊட்டு பாத்ரூமுக்கு இன்னாத்துக்கு? டைல்ஸ் மேல காஞ்சுதுன்னா என் நகம்தான் போவும், அது போவாது. வெள்ள சிமெண்ட்ட போட்டுட்டு நிம்மதியா இரு."

"வெள்ளை சிமெண்ட்ட ஆசிட் அரிக்குதுங்க."

"அப்ப ஆசிட் ஊத்தாத."

"உப்பு எப்படிப் போகும்?"

"அப்ப குளிக்காத" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கீழ் வீட்டுக்காரர் மேலே வந்தார். பழைய தரையை உடைத்ததில் அவர் வீட்டுக் கூரையிலிருந்து பூச்சு பெயர்ந்து மாவுப் பாத்திரத்துக்குள் விழுந்திருந்தது. தலையெல்லாம் சுண்ணாம்பு. நேராக வந்து டைல்ஸ்காரரின் பின்கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்தார்.

"நீ இன்னா எழவ பூசுவியோ எனக்குத் தெரியாது. ஒரு சொட்டு உழுந்துது, இந்த டைல்ஸ் சந்துலயே உன்ன வச்சிப் பூசிருவேன்."

"கைய எடு அண்ணாத்தே. பூசறவன் கழுத்தப் புடிச்சா கோடு கோணலாப் போவும்."

அவர் கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். "டீச்சர், என் பொண்டாட்டி ஹீட்டர் சுவிட்ச் போடற எடத்துல தண்ணி சொட்டுது. வெளயாட்டு இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் விரல்கள் டைல்ஸ்காரரின் கழுத்தில் சிவப்பாகப் பதிந்திருந்தன. எபாக்சிதான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அதன் பிறகு டைல்ஸ்காரரும் மறுபேச்சுப் பேசவில்லை.

அலறல் கேட்டதற்கு முந்தின நாள் மாலை பூசி முடித்தார். தரை முழுக்கவும் சுவரில் மார்பளவுக்கும் எபாக்சி. வாசலில் கிடக்கும் கல்லைச் சுற்றி மட்டும், அங்கே தண்ணீர் நிற்காது என்று சொல்லி, மீந்திருந்த வெள்ளை சிமெண்ட்டைப் பூசிவிட்டார். தண்ணீர் போகிற துளையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி கிடந்தது. கலந்த எபாக்சி தீர்ந்துவிட்டது. "காலைல புது டப்பா எடுத்துனு வரேன்மா. அதுவரைக்கும் ஒரு சொம்புத் தண்ணிகூட உள்ள போவக் கூடாது" என்றார். கடப்பாரையையும் மிச்ச டைல்ஸையும் பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டுப் போனார்.

என் கணவர் வேலை முடிந்து வந்ததும் நான் சொன்னேன், அந்த பாத்ரூமில் குளிக்காதீர்கள் என்று. அவர் குளிக்கவில்லை. பூந்தமல்லிப் பக்கம் அவர்கள் குடும்பம் வீடு கட்டியபோது காலையும் மாலையும் சுவருக்கும் தரைக்கும் தண்ணீர் ஊற்றியது அவர்தான். புதிதாகப் பூசிய எதையும் காய விடக் கூடாது, தண்ணீர் காட்டினால்தான் சிமெண்ட் பிடிக்கும் என்று கையும் காலும் படித்த பாடம். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்திருக்கிறார். இடுக்குகள் வறண்டு கிடப்பதைப் பார்த்து, ஐயோ காயுதே என்று ஒரு வாளி ஊற்றிவிட்டார். குடும்பத்துக்கு நல்லது செய்கிற நினைப்போடு.

அந்தத் தண்ணீர் முழுவதும் துளையைச் சுற்றிய அந்த விரல் அகல இடைவெளியில் இறங்கியிருக்கிறது. கீழ் வீட்டுக்காரர் மனைவி ஹீட்டர் சுவிட்சில் கை வைத்த நேரம்.

கால்கள் மாடிப்படியில் ஏறி வருகிற சத்தம் கேட்டது. வெளி கிரில் கதவைத் தாழ் மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தார் என் கணவர். கீழ் வீட்டுக்காரர் விட்ட ஒரே உதை. கதவு சுவரில் மோதித் திரும்பியது.

"எங்க உன் ஊட்டுக்காரன்? எங்க அவன்?"

"அவர் வேலைக்குப் போயிட்டாருங்க. என்னாச்சு? அக்காவுக்கு என்னாச்சு?"

"தூக்கி அடிச்சிருச்சு. செத்திருப்பா. செத்திருப்பாடீ!"

அவர் என்னை 'டீ' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. கதவோரத்தில் கடப்பாரை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனார். முதல் அடியில் தரை டைல்ஸ் நட்சத்திரமாக விரிந்தது. இரண்டாவது அடி சுவரில். சில்லுகள் என் முகத்தில் தெறித்தன. "தண்ணி ஊத்துவியா? ஊத்துவியா?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டுக்கொண்டே அடித்தார். குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டது. அதைப் பார்த்ததும் அவருக்கு வெறி இன்னும் ஏறியது.

நான் பின்னாலிருந்து அவர் கையைப் பிடித்தேன். பிடித்திருக்கக் கூடாது. அவர் உதறிய வேகத்தில் முழங்கை என் வாயில் பட்டது. கதவுச் சட்டத்தில் தலை இடித்து உட்கார்ந்துவிட்டேன். வாயில் உப்பும் ஏதோ சின்னக் கல்லும் இருந்தன. கல் இல்லை, பல்.

நிமிர்ந்தபோது மகன் என்னைத் தாண்டி நின்றுகொண்டிருந்தான். தூக்கத்தில் கலைந்த முடி, லுங்கி.

"எங்கம்மா மேல கைய வெச்சியா?"

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. அவர் திரும்பினார். அந்தச் சின்ன இடத்தில் கடப்பாரையைத் திருப்ப முடியவில்லை, கீழே போட்டார். அவர் கை சுவரோரத் தட்டுக்குப் போனது. அங்கே ஆசிட் பாட்டில் இருந்தது, பாதி. அதன் கழுத்தை அவர் பிடித்ததை நான் பார்த்தேன். வீசத்தான் எடுத்தாரா, விழாமலிருக்கத் தட்டைப் பிடித்தபோது கையில் அகப்பட்டதா, எனக்கு இன்றுவரை தெரியாது. என் மகனுக்கும் தெரியாது. அவன் யோசிக்கவில்லை. மிச்ச டைல்ஸில் ஒன்றை எடுத்து அதன் விளிம்பால் அவர் நெற்றியில் அடித்தான்.

தேங்காய் உடைகிற சத்தத்தைவிடச் சின்னதாகத்தான் இருந்தது. டைல்ஸ் இரண்டாக உடைந்தது. ஆசிட் பாட்டில் தரையில் உருண்டது. நல்ல வேளை, மூடி இறுக்கியிருந்தது. அவர் சுவரோடு சரிந்தார். என் மகன் அதோடு விடவில்லை. அவர் மார்பில் முழங்காலை வைத்து முகத்தில் குத்தினான், மறுபடியும் குத்தினான். இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் கையில் வந்தது. அவர் அவன் கழுத்தை நெரித்தார். உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் இரண்டு பேர் மேலும் கொட்டிக்கொண்டிருந்தது.

நான் அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். அந்த மனிதர் செத்துவிடுவார் என்று நான் கத்தவில்லை. "வேல போயிடும்டா! வேல போயிடும்டா!" என்றுதான் கத்தினேன். அதற்குத்தான் அவன் கை நின்றது.

எதிர் வீட்டுப் பெரியவரும் கீழ் வீட்டுப் பெண்ணும் வாசலில் நின்றிருந்தார்கள். அந்தப் பெண்ணின் வலது கை விரல்கள் நுனியில் கருத்திருந்தன. கையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அழவில்லை. உள்ளே வந்து, இடது கையால் கணவரின் சட்டைக் காலரைப் பிடித்து, "எழுந்திரு. நட" என்றார். போகும்போது என் மகனை ஒரு முறை பார்த்தார். ஏதாவது திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பெரியவர் ஆட்டோ பிடித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். அவர் ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"தலக் காயம்மா. எப்படிப் பட்டுதுன்னு கேக்காம தையல் போட மாட்டாங்க. அடிச்சாங்கன்னு சொன்னா எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்பிடுவாங்க. அதுக்கு அப்புறம் நாம ஒண்ணும் பண்ண முடியாது."

"வெரிஃபிகேஷன்?"

"அது அங்கயே நின்னுடும்" என்றார். என் மகன் கூடத்தில் உட்கார்ந்து தன் கை முட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, அவரு செத்துட்டா?" என்று கேட்டான். நான் அவன் தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். தலை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

டைல்ஸ்காரர் புது டப்பாவோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, ஆட்டுக் கறி வெட்டுனீங்களா?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் குழாயின் வாயை அடைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு குந்தினார். மெதுவாகச் சொன்னார்: "வெள்ள சிமெண்ட்டா இருந்திருந்தா சார் தண்ணி ஊத்துனது சரிதாம்மா."

எபாக்சி தவறான தேர்வு இல்லை. அன்றே அதைக் கண்ணால் பார்த்தேன். ரத்தம் உடையாத இடுக்குகள் வழியாகக் கோடு கோடாக ஓடித் தேங்கியிருந்தது. ஒரு குவளைத் தண்ணீர் விட்டதும் எதுவும் நடக்காதது போலக் கழுவிக்கொண்டு போய்விட்டது. ஒரு துளிகூட உள்ளே இறங்கவில்லை. ஆனால் வாசல் கல்லைச் சுற்றிய வெள்ளை சிமெண்ட் ரத்தத்தைக் குடித்துவிட்டது. சோப்பு போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன், பழுப்பாக நின்றுவிட்டது. ஆசிட் போட்டால் போகும் என்கிறார்கள். எனக்கு அந்த பாட்டிலைத் தொட முடியவில்லை. இப்போதும் குளிக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பழுப்பைத் தாண்டித்தான் போகிறேன். குளித்து முடித்ததும் செல்போன் வெளிச்சத்தை அடித்து ஒவ்வோர் இடுக்காகப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருகிறேன். கீழே எங்கேயாவது பைப் சத்தம் கேட்டால் சோற்றுக் கை அப்படியே நின்றுவிடுகிறது.

அன்று கணவர் பாதி வேலையில் திரும்பி வந்தார். உடைந்த தரையையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "சிமெண்ட்டுன்னு நெனச்சிட்டேன். காயக் கூடாதுன்னுதான் ஊத்துனேன்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலில் விழட்டுமா என்று கேட்டார். போனால் இவரைப் பார்த்ததும் கீழ் வீட்டுக்காரருக்கு மறுபடியும் வெறி ஏறும், ஏறினால் கேஸ் கொடுப்பார் என்று நான் தடுத்தேன். சமைக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. தெருவில் பைக் நிற்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் போலீஸ் என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தோம். டைல்ஸ்காரர் மட்டும் போகவில்லை. உடைந்ததைப் பெயர்த்துவிட்டு, மிச்ச டைல்ஸை ஒட்டி, துளையைச் சுற்றிய அந்த விரல் அகலத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பூசினார்.

சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. நாங்கள் மூன்று பேரும் மாடிப்படிக்கு ஓடினோம். முதலில் கீழ் வீட்டுப் பெண் இறங்கினார், கையில் கட்டு. பிறகு அவர் கணவர். தலையைச் சுற்றி வெள்ளைத் துணி, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தங்கள் வீட்டு வாசலில் நிற்காமல் மேலே ஏறி வந்தார்கள். என் மகன் ஓரடி முன்னால் வந்தான். நான் அவன் கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"டீச்சர்" என்றார் அந்தப் பெண். மூச்சு வாங்கியது. "ஈரத்துல வழுக்கி உழுந்துட்டாருன்னு சொல்லிட்டேன். அப்டியே எழுதிக்கினாங்க."

என் கணவர் கும்பிட்டார். கீழ் வீட்டுக்காரர் அந்தக் கும்பிடைப் பார்க்கவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என் மகனையே பார்த்தார்.

"எந்த ஊட்டு ஈரம்னு அவங்க கேக்கல. நானும் சொல்லல" என்றார். "இன்னொரு சொட்டு என் ஊட்ல உழட்டும். நேராப் போயி, எழுதுனத மாத்தி எழுதச் சொல்றேன்."